அலுவலகத்தில் பண்டிகை: டெல்டாவில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை ஆபீஸே விசேஷ வீடாகிவிடும். புரட்டாசியில் ஆயுத பூஜை, அப்புறம் தீபாவளி இனிப்பு, மார்கழியில் கிறிஸ்துமஸ் கேக், தை பிறக்கும் முன் பொங்கல் விழா. ரைஸ்மில், கூட்டுறவுச் சங்கம், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாவற்றிலும் இது உண்டு.

சொந்தக்காரர் வீட்டு விசேஷம் பிடிக்காவிட்டால் ஒரு காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடலாம். ஆபீஸ் விழாவில் அது முடியாது. சம்பளம் போடுகிறவர் எதிரே நிற்கிறார், நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால், “வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரை முதலில் நினைத்து விழாவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தில் எழுதியவை.

நான் முஸ்லிம். ஆபீஸ் ஆயுத பூஜையில் நிற்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா?

நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோவிலும் சிக்கல் சிங்காரவேலர் கோவிலும் ஒரே மாவட்டத்தில் இருக்கிற ஊர்ப்பக்கம் இது. அடுத்தவர் வழிபாட்டை மதித்து ஒதுங்கி நிற்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. பூஜைக்கு முதல் நாளே மேலாளரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: “சார், பூஜை நேரத்தில் நான் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன், முடிந்ததும் வந்துவிடுகிறேன்.” காரணத்தை நீளமாக விளக்க வேண்டியதில்லை. அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது நீங்களும் போய் உட்காருங்கள். பூஜையில் நிற்காதது யாருக்கும் உறுத்தாது. பேச்சிலும் சேராமல் போனால்தான் மனத்தாங்கல் வரும்.

படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லலாம். ஏற்பாடு செய்பவர்கள், படையல் போடுவதற்கு முன்பே கொஞ்சம் பொரி, கடலை, சுண்டல், பழம் தனியாக எடுத்து வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது. இது இரண்டு நிமிட வேலை. செய்கிற இடங்களில் மரியாதை தானாகக் கூடுவதைப் பார்க்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதே பதில்தான்.

விபூதி, குங்குமம், பூ கொடுப்பதில் ஏன் இவ்வளவு சங்கடம்?

சங்கடம் தட்டில் இல்லை, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பதில் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் வரிசையில் நிற்கிறார். தட்டோடு வருபவர் அவரிடம் வந்ததும் ஒரு நொடி தயங்கி, அடுத்தவரிடம் போகிறார். யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை அந்தப் பெண் வருடக்கணக்கில் மறக்க மாட்டார். கணவர் இறந்த பிறகு வாரிசு அடிப்படையில் வேலை வாங்கி, தனியாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிற பெண்கள் நம் அரசு அலுவலகங்களில் நிறையப் பேர். வீட்டு விசேஷங்களில் ஏற்கெனவே ஒதுக்கப்படுகிறவர்களை வேலை பார்க்கும் இடத்திலும் ஒதுக்குவது கொடுமை.

தட்டை மேஜையில் வையுங்கள். பூ, குங்குமம், மஞ்சள், சந்தனம், வெற்றிலை பாக்கு எல்லாம் அதிலேயே இருக்கட்டும். எடுத்துக்கொள்ள நினைப்பவர் எடுத்துக்கொள்வார். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தாம்பூலப் பை கொடுப்பதாக இருந்தால் ஆண், பெண், மணமானவர், மணமாகாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பை.

பூஜை நடக்கும் அறைக்குள் எந்தப் பெண் வரலாம், எந்த நாளில் வரலாம் என்று கேட்பதும் ஜாடையாகப் பேசுவதும் ஆபீஸில் கூடவே கூடாது. பூஜை செய்வதில் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று நினைப்பவர் தன் வீட்டில் செய்துகொள்ளட்டும்.

வீட்டில் துக்கம் நடந்த வருடம் இது. பொங்கல் விழாவுக்குப் போகலாமா?

ஒரு வருடம் பண்டிகை கொண்டாடாத வழக்கம் உள்ள குடும்பம் என்றால் போகாமல் இருப்பது உங்கள் உரிமை. “இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை” என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியும். ஏற்பாட்டாளர்கள் அவரிடம் பங்குப் பணம் கேட்கக் கூடாது. இனிப்பைக் கையில் திணிக்கவும் கூடாது. வேலையில் கூட இருப்பதே ஆறுதல் என்று அவரே வந்து உட்கார்ந்தால், சாதாரணமாகப் பேசுங்கள்.

பணம் வசூலிப்பது எப்படி?

தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை போடுவது கேட்கச் சமமாக இருக்கும், ஆனால் அது நியாயம் இல்லை. மேலாளருக்கு ஐந்நூறு ரூபாய் ஒரு பொருட்டில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளருக்கு அது ஒரு நாள் கூலி. நிர்வாகமே செலவை ஏற்பது முதல் வழி. அது முடியாவிட்டால் சம்பளத்துக்குத் தக்கபடி பங்கு வைத்து, ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஆகியோரிடம் எதுவும் வாங்காமல் விட்டுவிடுவது. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். செலவுக் கணக்கை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கோலம் போடுவதும் பொங்கல் வைப்பதும் பெண் ஊழியர்கள்தான் செய்ய வேண்டுமா?

இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பல ஆபீஸ்களில் பொங்கல் விழா என்றால் பெண்கள் காலை ஏழு மணிக்கே வந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, கரும்பு கட்டி, பானை பொங்கும் வரை புகையில் நிற்கிறார்கள். ஆண்கள் பத்து மணிக்கு வேட்டியோடு வந்து பானைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்கள் வீட்டிலும் ஒரு ரவுண்டு சமையலை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

வேலைகளைச் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். காவிரிக் கரையில் கல்யாணத்துக்கும் கோவில் அன்னதானத்துக்கும் அண்டா அண்டாவாகச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான், ஒரு வெண்கலப் பானையில் பொங்கல் வைப்பது அவர்களுக்கு முடியாத காரியம் இல்லை. கோலப் போட்டி வைத்தால் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்துவிடுங்கள். ஏழு மணிக்கே வரச் சொன்னால் அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்து, மாலையில் அதற்கு ஏற்ப முன்னதாக அனுப்புங்கள்.

எல்லோரும் ஒரே கலர் சேலை கட்ட வேண்டும் என்கிறார்கள். மறுக்கலாமா?

மறுக்கலாம். போட்டோவில் அழகாக இருக்கும் என்பதற்காகப் பண்டிகை மாதத்தில் ஒரு சேலை, அதற்குத் தையல் கூலி என்று செலவு வைப்பது பலருக்கு பாரம். நிறத்தை மட்டும் பொதுவாகச் சொல்லி, இருப்பதைக் கட்டி வரச் சொன்னால் போதும். ஆண்களுக்கும் வேட்டி கட்டாயம் என்று சொல்ல வேண்டாம். பேண்ட் சட்டையில் வருபவரைக் கேலி செய்வது நல்ல பழக்கமில்லை.

விழாவை எந்த நேரத்தில் வைப்பது நல்லது?

பகலில். மன்னார்குடியில் வேலை, வீடு திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமம் என்று இருப்பவர் நம்மிடையே அதிகம். டவுன் பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்குத்தான் தெரியும். மார்கழி, தையில் சீக்கிரம் இருட்டிவிடும், பனி வேறு. மாலை ஆறு மணிக்கு மேல் விழாவை இழுத்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை “அதுக்குள்ளவா?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள். இரவு விருந்து தவிர்க்க முடியாது என்றால் வீடு வரை வண்டி ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆயுத பூஜை நேரம் பெரும்பாலும் குறுவை அறுவடையும் நெல் கொள்முதலும் மும்முரமாக இருக்கும் நேரம். கொள்முதல் நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பூஜைக்காகக் கவுண்டரை மூடினால், வெளியே நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயி காத்திருப்பார். ஒரு மழை வந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், அப்புறம் அவர் நெல்லை எடுக்க மாட்டார்கள். பாதிப்பேர் பூஜைக்கு, பாதிப்பேர் வேலைக்கு என்று மாறி மாறிப் போகலாம். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எத்தனை மணிக்குத் திறப்போம் என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

லீவு நாளில் விழா வைத்து வரச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். அந்த நாள் குடும்பத்துக்கு. பெரும்பாலான ஆபீஸ்களில் ஆயுத பூஜையை முதல் நாள் மாலையே முடித்துவிடுவார்கள், அதுதான் நல்ல வழக்கம்.

கம்ப்யூட்டர், மெஷின்களுக்குப் பூஜை போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கம்ப்யூட்டரின் காற்றுத் துளைகளிலும் கீபோர்டு மேலும் சந்தனம் தடவாதீர்கள். மேல்மூடியில் சின்னதாக ஒரு பொட்டு போதும். ரைஸ்மில்லில் உமியும் தவிட்டுத் தூசியும் காற்றில் பறக்கும் இடத்தில் கற்பூரம் ஏற்றுவது ஆபத்து. மெஷினை நிறுத்தி, தரையைக் கூட்டி, கற்பூரத் தட்டை வாசலில் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் உள்ள பக்கம் தீபமே வேண்டாம், உபயோகத்தில் உள்ள கருவிக்குப் பொட்டும் வேண்டாம்.

திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போவதை நிறுத்த வேண்டும். குங்குமம் கலந்த அந்தச் சதையில் டூவீலர் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். சொந்த வளாகத்துக்குள் ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்கள்.

பந்தியில் யார் முதலில் உட்கார்வது? யார் பரிமாறுவது?

இந்த மண்ணில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் கையால் யார் சாப்பிடலாம் என்பதற்குப் பழைய, கசப்பான வரலாறு உண்டு. அதனால் ஆபீஸ் பந்தியைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலாளர், சீனியர்கள், வாடிக்கையாளர்கள் முதல் பந்தி. கிளார்க்குகள் இரண்டாவது. தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், லோடு தூக்குபவர் கடைசிப் பந்தியில் மீந்ததைச் சாப்பிடுவார்கள், அல்லது பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். பல இடங்களில் இன்னமும் இப்படித்தான். அரசு அலுவலகங்களில் “சமத்துவப் பொங்கல்” என்று பேனர் கட்டினால் மட்டும் இது மாறிவிடாது.

முதல் பந்தியிலேயே எல்லாப் பிரிவினரும் கலந்து உட்காரட்டும். யாருக்கும் இடம் பிடித்து வைக்காதீர்கள். முதல் பந்திக்கு மேலாளரும் சீனியர்களும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறட்டும். பெரிய பதவியில் இருப்பவர் குனிந்து சாம்பார் ஊற்றும் காட்சி பத்து மேடைப் பேச்சு செய்யாததைச் செய்யும். எவர்சில்வர் டம்ளர் சிலருக்கு, பேப்பர் கப் சிலருக்கு என்ற பேதமும் வேண்டாம். எல்லோருக்கும் ஒன்றே.

தயவு செய்து, “நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று சாதியைத் துழாவும் கேள்விகளைச் சாப்பாட்டு இலையின் முன்னால் கேட்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

என்ன சாப்பாடு போடலாம்?

பொது விழாவுக்குச் சைவம் வசதி. ஆயுத பூஜை பெரும்பாலும் புரட்டாசியில் வரும், நிறையப் பேர் அசைவம் தொட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வரும்போது மார்கழி, சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள், அதனால் கேக்கில் பாதியை முட்டை இல்லாததாக வாங்குங்கள். ரமலான் மாதம் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். விருந்து தேதி குறிக்கும் முன் அதையும் பார்த்துக்கொண்டால் நல்லது. நோன்பு நாளில் விழா வந்துவிட்டால், நோன்பு வைத்திருப்பவருக்கான பங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

இனிப்புக்குக் கண் எட்டும் தூரத்தில் இருப்பதையே வாங்கலாம். திருவையாறு அசோகா இருக்கும்போது எங்கிருந்தோ வரும் வண்ணப் பெட்டி எதற்கு? சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கூடுதலாக வைத்தால் அவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை.

மேலாளரிடம் அன்றைக்குச் சம்பள உயர்வு, டிரான்ஸ்ஃபர் பற்றிப் பேசலாமா?

வேண்டாம். அவரால் அங்கே உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. குடும்பம், ஊர், மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. மேலாளர்களும் அன்று கோப்புகளைப் பற்றி விசாரிக்காமல் இருக்கலாம். கூப்பிடும் முறையை அன்று ஒருநாளுக்காக மாற்ற வேண்டியதில்லை. தினமும் “சார்”, “மேடம்” என்றால் அன்றும் அப்படியே. “அக்கா”, “அண்ணே” என்று பழகியிருந்தால் அதுவே போதும். வயதில் பெரிய உதவியாளரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பவர்கள் இந்த விழாவை ஒரு சாக்காக வைத்து அதை நிறுத்திவிடலாம்.

மேடையில் பேசச் சொன்னால்?

மூன்று நிமிடம். வரிசையாக எல்லோருக்கும் சால்வை போட்டுக்கொண்டிருந்தால் பொங்கல் ஆறிவிடும்.

விளையாட்டு, பாட்டு, கிண்டல் எந்த அளவுக்கு?

உறியடி, கயிறு இழுத்தல், இசை நாற்காலி எல்லாம் நல்லதுதான், விரும்பியவர்கள் மட்டும் ஆடினால். கையைப் பிடித்து மேடைக்கு இழுப்பது, ஜோடி சேர்த்து ஆடவிடுவது, கல்யாணம் ஆகவில்லையா, குழந்தை இல்லையா என்று மைக்கில் கேட்பது, நிறத்தையும் உடம்பையும் வைத்து ஜோக் அடிப்பது, இவை எதுவும் வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகும் இடங்களையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடமாகவே கொள்கிறது. நிறுவனமே மண்டபத்தில் நடத்தும் விருந்தோ, வேன் பிடித்துப் போகும் சுற்றுலாவோ அதற்கு வெளியே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய கடை, கிளினிக் என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். “பண்டிகை நாள், விளையாட்டுக்குத்தானே” என்று சமாதானம் பேச வருபவர்களிடம், விளையாட்டு என்றால் இருவரும் சிரித்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சிலர் தனியாகக் குடிக்கப் போகிறார்கள். கூப்பிட்டால்?

“இல்லண்ணே, நான் கிளம்புறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காரணம் கேட்டால் மறுபடியும் அதையே சொல்லுங்கள். மேலாளர் அந்தக் கூட்டத்தில் இருக்கவே கூடாது. அவர் கூப்பிட்டால் கீழே இருப்பவர் மறுக்க முடியாது. அங்கே பேசி முடிவாகும் வேலை விஷயம், அங்கே போகாத பெண்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் செய்யும் அநீதி. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாய்க்கால் ஓரமாகத் தடுப்புச் சுவரில்லாமல் போகும் நம் ரோடுகளில் அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம்தான்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா?

குழுப் படம் எடுக்கும் முன் “இதைப் போடப்போகிறோம்” என்று சொல்லுங்கள். விலக நினைப்பவர் விலகிக்கொள்ளட்டும். தனியாக ஒருவரை எடுத்தால் அவரிடம் கேட்காமல் எங்கும் போடக் கூடாது. போட்ட படத்தை அழிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் அழித்துவிடுங்கள்.

மேலாளருக்குப் பரிசு கொடுக்கலாமா? தீபாவளிப் பெட்டி வாங்கலாமா?

பரிசு மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போக வேண்டாம். அரசு ஊழியர்கள் ஒப்பந்தக்காரர், வியாபாரி, மனு கொடுக்க வந்தவர் ஆகியோரிடம் இனிப்புப் பெட்டியைக்கூட வாங்காமல் இருப்பது நல்லது. தீபாவளியை ஒட்டி லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்துவது வழக்கம். அதைவிட, பெட்டி வாங்க முடியாத ஏழை மனுதாரர் அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார் என்பதை யோசியுங்கள்.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்வீட் பாக்ஸும் வேட்டி சேலையும் போனஸுக்குப் பதில் ஆகாது. சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் அவருடைய உரிமை, பரிசு உங்கள் விருப்பம். இரண்டையும் ஒரே கவரில் போட்டு நன்றி எதிர்பார்க்கக் கூடாது.

கிறிஸ்துமஸுக்குப் பெயர்ச் சீட்டு எடுத்து ரகசியமாகப் பரிசு கொடுக்கும் விளையாட்டு வைக்கிறோம். என்ன விதி?

விலை வரம்பு சின்னதாக இருக்கட்டும், நூறு ரூபாயே போதும். சேர விரும்புபவர் பெயர் மட்டும் சீட்டில். எடை, வயது, குடிப்பழக்கம் ஆகியவற்றைக் குத்திக்காட்டும் பரிசு வேண்டாம். தலைமை அலுவலகம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து வீடியோ அழைப்பில் கொண்டாடும் கம்பெனிகள் தஞ்சாவூரிலும் வந்துவிட்டன. அதில் அவர்கள் ஊர் வழக்கத்தை அப்படியே காட்ட வேண்டும் என்று இல்லை. பொங்கலன்று அவர்களையும் அழைத்து, பானை பொங்குவதைத் திரையில் காட்டுங்கள்.

விழா முடிந்ததும் இடத்தை யார் சுத்தம் செய்வது?

விழா கொண்டாடிய எல்லோரும். தூய்மைப் பணியாளரும் அன்று விருந்தாளிதான். இலையை அவரவர் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். பெருக்குவதற்கு நான்கு பேர் பெயரை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் மேலாளர் பெயரும் இருக்கட்டும். கரும்புச் சக்கை, வாழையிலை, மாவிலைத் தோரணத்தை பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனியாக வைத்தால் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் வந்து எடுத்துப் போவார். மீந்த சாப்பாட்டை நல்ல பாத்திரத்தில், சூடு ஆறும் முன்னே, யாருக்கு வேண்டுமோ அவர்களைக் கேட்டுக் கொடுங்கள்.